மூன்றாவது கிலோமீட்டரில் இறுகும் ஆடுசதை

கேள்வி: வயது 43. அரை மராத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஞாயிறுதோறும் கால்பந்தும் ஆடுவேன். மூன்று மாதத்தில் இரண்டு முறை வலது ஆடுசதை பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஓய்வெடுத்தால் வலி போய்விடுகிறது. திரும்ப ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரில் அதே இடம் இறுகுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். நீண்ட பயணத்துக்குப் பிறகு என்றால் சந்தேகம் இன்னும் கூடும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். தைலம் போட்டு உருவவே கூடாது.

அப்படி இல்லையென்றால், நீங்கள் சொல்வது சோலியஸ் தசைக் காயம்போல் தெரிகிறது. ஆடுசதையில் வெளியே திரண்டு தெரிவது கேஸ்ட்ரோக்னீமியஸ். பந்துக்குப் பாயும்போது பின்னாலிருந்து கல்லெறிந்ததுபோல் சுரீரென்று வலித்தால் பெரும்பாலும் அதுதான் கிழிந்திருக்கும். சோலியஸ் அதற்கு அடியில் இருப்பது. ஓட ஓடத்தான் இறுகும். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள், முட்டியை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. மடக்கும்போது வலி கூடினால் சோலியஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓடும்போது சோலியஸ் தாங்கும் விசை உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். நடையில் அதில் பாதிகூட வராது. அதனால் வலியில்லாமல் நடக்கிறீர்கள் என்பது, ஓடலாம் என்பதற்குச் சான்றல்ல. மெதுவாக ஓடினாலும் இந்தத் தசைக்குச் சுமை பெரிதாகக் குறையாது. 'மெல்ல ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்ப்போம்' என்பது இங்கே தப்பான கணக்கு.

முதல் சில நாள் இழுத்து நீட்டுவது, அழுத்தி உருவுவது இரண்டும் வேண்டாம். ஆறத் தொடங்கிய நார்கள் மறுபடி பிரியும். நடக்கவே வலித்தால் செருப்புக்குள் குதிகாலடியில் ஒரு சென்டிமீட்டர் மெத்தை வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பளு. இதைத்தான் பலர் செய்வதே இல்லை. நாற்காலியில் அமர்ந்து, முன்பாதத்தைக் கனமான பலகையின் விளிம்பில் வைத்து, முட்டிக்கு மேல் தொடையில் பளுவை ஏற்றுங்கள். ஜிம் இல்லையென்றால் 25 கிலோ அரிசி மூட்டை போதும். மூன்று எண்ணிக் குதிகாலை ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். 8 முதல் 12 முறை, நான்கு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி இரண்டு முறை கடினமாக இல்லையென்றால் பளு போதவில்லை, வாரந்தோறும் கூட்டுங்கள். இதோடு நின்றபடி, முட்டியை நீட்டி ஒற்றைக்காலில் குதிகால் தூக்கலும் வேண்டும். அப்போது உடல் எடை சுண்டுவிரல் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் ஆடுசதை வேலையைத் தட்டிக்கழிக்கிறது என்று அர்த்தம். பெருவிரல் அடிமேட்டை அழுத்தி எழும்புங்கள். செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலி வரலாம், மறுநாள் காலை அது தங்கியிருக்கக் கூடாது.

ஒற்றைக்காலில் முழு உயரத்துக்கு 25 முறை, மற்றக் காலுக்குச் சமமாகக் குதிகாலைத் தூக்க முடிந்த பிறகு குதித்துப் பாருங்கள்: முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக்கால், 20 முறை வலியின்றி. அதன் பிறகே ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. சமதளத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். ஓட்ட நிமிடத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஓடும்போது இறுகினால் அங்கேயே நடையாக மாற்றிவிடுங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று தொடர்ந்ததால் திரும்பக் கிழிந்த கால்கள் ஏராளம். மேடேறுவது ஆடுசதையை அதிகம் இழுக்கும், அதைப் பிந்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து கடைசி. நின்ற இடத்திலிருந்து பாய்வதும் சட்டென்று திரும்புவதும்தான் அதில் ஆபத்து. 20 மீட்டர் பாய்ச்சலை 60 சதவீத வேகத்தில் தொடங்கி, மூன்று நான்கு பயிற்சிகளில் முழு வேகம் தொட்ட பிறகு, முதல் ஆட்டத்தில் பாதி நேரம் மட்டும் ஆடுங்கள். நாற்பதைத் தாண்டிய வயதும் முன்பு பட்ட காயமும் இரண்டும் உங்களுக்கு இருப்பதால், குணமான பிறகும் அரிசி மூட்டைப் பயிற்சியை வாரம் இரண்டு நாள் தொடருங்கள்.