ஒரே தட்டில் ஐந்து ஊர்

அன்புள்ள ஐயா,

பெரிய கடை இனிப்புகள் அலுத்துவிட்டன. சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்கிப் பார்ப்போம் என்று தென் மாவட்டங்களிலிருந்து ஐந்து வகைகளைக் கூரியரில் வரவழைத்தேன். கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, தூத்துக்குடி மக்ரூன், முதலூர் மஸ்கோத் அல்வா, உடன்குடி கருப்பட்டி. ஞாயிறு மாலை நண்பர்களைக் கூப்பிட்டு, தட்டில் வரிசையாக வைத்து ருசி பார்த்தோம். மூன்றாவதைத் தாண்டியதும் எல்லாமே வெறும் தித்திப்புதான். மக்ரூன் பல்லில் ஒட்டியது. பால்கோவாவில் ஏதோ வாடை. கருப்பட்டி லேசாக உப்புக் கரித்தது, கலப்படமோ என்று சந்தேகம். கைப்பக்குவம் என்பதெல்லாம் விலையை ஏற்றச் சொல்லும் கதைதானா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

கதையும் உண்டு, கைப்பக்குவமும் உண்டு. ஆனால் ஐந்து ஊரையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மூன்றாவது இனிப்புக்கு நாக்கு மரத்துப்போகும். நான் ஒரு வேளைக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கை காராசேவு. காராசேவுக்குப் பேர்போன சாத்தூர் அந்த வழியில்தானே இருக்கிறது!

மக்ரூனில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரை நிற்கும்வரை அடித்து, கடைசியில் முந்திரித் தூளை அலுங்காமல் சேர்ப்பார்கள். முந்திரியின் எண்ணெய் பட்டால் நுரை அமுங்கும், அதனால்தான் அது கடைசியில் வருகிறது. அப்புறம் காகிதக் கூம்பில் நிரப்பிக் குட்டிக் கோபுரங்களாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் விடுவார்கள். சுடுவதைவிட உலர்த்துவது என்பதே பொருத்தம். அப்படி உலர்ந்த சர்க்கரை நுரை காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெட்டியை எப்போது திறந்தீர்கள்? நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து, போட்டோ எடுத்து, பேசி முடிப்பதற்குள் அது பிசினாகியிருக்கும். திறந்தவுடன் வாயில் போடவேண்டும். கடிக்காதீர்கள். முதலில் நொறுங்கி, பிறகு கரைந்து, முந்திரி மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சவேண்டும்.

பால்கோவாவில் என்ன வாடை என்று நீங்கள் எழுதவில்லை. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. அகன்ற சட்டியில் கைவிடாமல் கிண்டும்போது அடி லேசாகப் பிடித்த வாடை என்றால் அது எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. புளித்த வாடை என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். 2019ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த ஊர்ச் சரக்கு என்பதற்குத்தான் அந்தக் குறியீடு. என்றைக்குக் கிண்டியது என்பதை நாம்தான் கேட்கவேண்டும். கூரியர் பையில் மூன்று நாள் வெந்த பால்கோவாவை வைத்து அந்த ஊரை எடைபோடக் கூடாது.

கடலைமிட்டாய்க்குக் காது வேண்டும். வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கவேண்டும். அதற்கு முன்னால் இறக்கிய பாகு பல்லோடு மல்லுக்கட்டும், தாண்டிவிட்டால் கசக்கும். ஆகவே உடைத்துப் பாருங்கள், சத்தமே பாதி பதில் சொல்லும். மீதியைக் கரிசல் காட்டு நிலக்கடலையின் வறுவல் சொல்லும்.

மஸ்கோத் அல்வாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலில் கிண்டுவது, பிரிந்துவரும் எண்ணெயிலேயே அது வேகிறது. குறை சொல்லத் தோன்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கருப்பட்டி கரித்ததா? நல்லது. நல்ல பனங்கருப்பட்டியில் அந்த மெல்லிய கரிப்பு இருக்கும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள், பருவம் முழுக்கக் காலையும் மாலையும் மரமேறுவார்கள். விலை கூடுவதற்கு அந்த ஏற்றமே போதும், வேறு கதை தேவையில்லை. வெறும் தித்திப்பாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஐப்பசி மாதம், சாலையோரக் குடிசை ஒன்றில், சிறிய ஆள்தானே என்று நம்பி ஐந்து கிலோ வாங்கினேன். "நேத்துக் காய்ச்சுனது சார்" என்றார். பதநீர் இறங்குவது கோடையை ஒட்டித்தான், ஐப்பசியில் அவருக்கு மட்டும் எந்தப் பனை சுரந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் உடைத்தால் உள்ளே சீனி மணிமணியாக மினுங்கியது. சிறு தயாரிப்பு என்பதாலேயே யாரும் யோக்கியராகிவிடுவதில்லை. பெரிய கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகளை இவர்களிடமும் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்.

எப்படியும் கருப்பட்டி மிச்சமிருக்கும். ஒரு சில்லை உடைத்து, பால் ஊற்றாமல் கடுங்காப்பி போட்டுக் குடியுங்கள். உடைத்த இடம் மினுங்கியதா, மங்கலாக இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.