வாலை நறுக்க நறுக்கப் பகா எண்: 73,939,133

பினாங்குப் பாலத்து நெரிசலில் 7393 என்ற கார் நம்பரைப் பார்த்துவிட்டு, "வலப்பக்கம் ஒவ்வோர் இலக்கமாக எடுத்தாலும் 739, 73, 7 என்று பகா எண்களே (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை) மிஞ்சுகின்றன. இப்படி எவ்வளவு பெரிய எண் வரை போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நெரிசலிலும் நல்ல வேலைதான் பார்த்திருக்கிறீர்கள்!

உங்கள் 7393-ஐயே நீட்டிப் போனால் 73939, 739391, 7393913 என்று வளர்ந்து 73,939,133-இல் முடியும். நம் ஊர்க் கணக்கில் 73 மில்லியனுக்கு மேல். தாத்தா கணக்கில் 7 கோடியே 39 லட்சத்துச் சொச்சம். இந்த வகையில் இதுதான் மிகப் பெரியது. மொத்தமே 83 எண்கள்தான் உள்ளன.

ஏன் நின்றுவிடுகிறது? பின்னால் சேர்க்க 1, 3, 7, 9 மட்டுமே உதவும். இரட்டைப்படை இலக்கமோ 5-ஓ சேர்த்தால் 2, 5 வகுத்துவிடும். அடுத்தது 3-இன் தொல்லை. முதல் இலக்கமான 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. 3, 9 சேர்த்தால் மீதி மாறாது. 1 அல்லது 7 சேர்த்தால் மீதி ஒன்று கூடும். ஆக, அந்த இரண்டில் ஏதேனும் ஒன்றை ஒரே ஒரு முறைதான் சேர்க்கலாம். இரண்டாம் முறை சேர்த்தால் 3 வகுத்துவிடும். 73,939,133-இல் அந்த ஒற்றை வாய்ப்பை நடுவில் இருக்கும் 1 எடுத்துக்கொண்டது, கவனித்தீர்களா? மீதமிருப்பவை 3-உம் 9-உம். அவற்றைச் சேர்த்துக் கிடைக்கும் 739,391,333, 739,391,339 இரண்டும் பகு எண்கள். இதை மட்டும் கணினியில் சரிபாருங்கள், கையால் வகுத்தால் விடிந்துவிடும்.

2-இலோ 5-இலோ தொடங்கினால் அந்த ஒரு வாய்ப்பும் கிடையாது.