பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுத வைப்பது எப்படி? "எழுத ஒன்றுமே இல்லை" என்கிறார்களே?

நான் பல வருடங்களாக 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த "ஒன்றுமே இல்லை"யை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. "உன் வாழ்க்கையைப் பற்றி எழுது", "உன்னால் மறக்க முடியாத நாள்" என்றெல்லாம் கேட்டால் விபத்து, பரிசு, மரணம் என்று பெரிதாக ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காத பிள்ளைக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. நடந்த பிள்ளையோ அதை உங்களிடம் சொல்ல விரும்பாது. அதனால்தான் இரண்டு பேருமே ஏற்கெனவே எங்கோ படித்த கட்டுரையை எழுதித் தருகிறார்கள்.

அதனால் முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள், வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்னதாக. நான் கேட்பவை இப்படி இருக்கும்: வீட்டில் எந்தக் கதவு சத்தம் போடும்? உன் பையின் அடியில் என்ன கிடக்கிறது? கடைசியாக எப்போது தூங்குவது போல் நடித்தாய்? பத்து நிமிடம் நேரம், பேனா நிற்கக் கூடாது, எழுத்துப்பிழையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, நான் உட்பட.

முதல் வரியைக்கூட எழுதாமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் அந்தக் கதவுக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினான். அவன் அப்பா இரவு வேலை முடிந்து வரும்போது வாசற்கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திறப்பாராம், கீல் கிறீச்சிட்டு யாரும் விழித்துவிடக் கூடாது என்று. இவன் தினமும் விழித்துத்தான் இருப்பான், ஆனால் அவர் சிரமப்பட்டுச் செய்வது வீணாகிவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான். படித்துவிட்டு என்னால் அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

கடைசி வரியாக ஒன்று சேர்த்திருந்தான்: "இதிலிருந்து தந்தையின் அன்பு கடலை விடப் பெரியது என்பதை அறிகிறேன்." அது அவன் எழுதிய வரி இல்லை, பள்ளி எழுதிய வரி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழக்கி, முடிவுரையில் ஒரு நீதி சொன்னால்தான் மதிப்பெண் என்று நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். நான் அதை அடிக்கவில்லை. "கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை வாசித்துப் பார்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அவனே அடித்திருந்தான். நீங்கள் அடித்திருந்தால் அது இன்னொரு திருத்தமாகத்தான் போயிருக்கும், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யார் படிக்கப் போகிறார்கள் என்ற பயம். சொல்லப்போனால் பாதிப் பிள்ளைகள் இதனால்தான் எழுதுவதில்லை. என் வகுப்பில் மடித்து வைத்த பக்கத்தை நான் பிரிக்க மாட்டேன், எழுதினாயா என்று மட்டும் பார்ப்பேன். ஆனால் முதல் நாளே இன்னொன்றையும் சொல்லிவிடுவேன்: நீ காட்டும் பக்கத்தில் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து இருப்பது தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் பேசுவேன், அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது மிகப் பெரிய துரோகம். ஒரு தடவை அப்படி நடந்தால் அந்தப் பிள்ளை அப்புறம் எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்காது.

மனத்தில் உள்ளதை எழுதினால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைக் காயப்படுத்திய அனுபவங்களை எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. இதை எல்லோரும் சொல்கிறார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. வகுப்பறையில் எனக்கு அதுதான் முக்கியம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது "உன் ஆழ்ந்த வலியை எழுது" என்று கேட்டுவிட்டு அடுத்து கணக்குப் பாடத்துக்கு அனுப்பாதீர்கள். நாம் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள், மனநல மருத்துவர்கள் இல்லை. வலியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால் அவர்களே வருவார்கள், கதவு வழியாகவோ பை வழியாகவோ.

திருத்தி எழுதச் சொன்னால் "நடந்ததை எப்படி மாற்றுவது?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கைப் பற்றி நான் சொல்வேன். 1944 மார்ச்சில், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று ஒரு டச்சு அமைச்சர் வானொலியில் பேசியதைக் கேட்டபோது அவளுக்கு 14 வயது. அந்த மே மாதத்திலிருந்து, ஒளிந்திருந்த இடத்திலேயே, தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் மறுபடி எழுத ஆரம்பித்தாள். சில பகுதிகளை வெட்டினாள், சிலவற்றைச் சேர்த்தாள், கூட இருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்கூட யோசித்து வைத்தாள். நடந்தது அப்படியே இருந்தது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதுதான் மாறியது. தங்கள் வயதுப் பெண் ஒருத்தி செய்தாள் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பெயர் மாற்றும் யோசனையை உடனே பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் நண்பர்களையும் வீட்டாரையும் பற்றி எழுதத்தான் அவர்களுக்கு மிகவும் தயக்கம்.

நீங்களும் அந்தப் பத்து நிமிடம் எழுத வேண்டும், முதலில் நீங்கள்தான் வாசிக்க வேண்டும். சாதனைக் கதை வேண்டாம். நீங்கள் 15 வயதில் யாரிடமோ சொன்ன ஒரு பொய் போதும்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டிய பள்ளி என்றால், ஐந்து பக்கம் எழுத விட்டு, எதைக் காட்டுவது என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதை எப்படித் திருத்தி எழுதினார்கள் என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். மற்ற நான்கையும் மடித்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.