பதில்: தீர்த்தன் ஆறு குஷைனியில் இரண்டாகப் பிரிகிறதா?

வணக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆறு குஷைனி என்னும் ஊரில் இரண்டாகப் பிரிவதாக வரைபடத்தில் தெரிகிறதே, ஔட் என்னும் ஊரருகே கண்ட நீர்ப்பரப்பும் அதுதானா என்று கேட்டிருந்தீர்கள். ஔட் அருகே நீங்கள் பார்த்த அகன்ற நீர்ப்பரப்பு தீர்த்தன் அல்ல, பியாஸ் ஆறு. பெரிய இமாலய தேசியப் பூங்காவின் உயரமான பனிச்சரிவுகளில் தோன்றும் தீர்த்தன், குஷைனி, பஞ்சார் வழியாக வந்து, லார்ஜியில் சைஞ்ச் ஆறும் பியாஸும் கூடுமிடத்தை அடைகிறது. அவ்விடத்தை ஒட்டி 126 மெகாவாட் மின்திட்டத்துக்கான அணை நீரைத் தேக்குவதால், உங்கள் வரைபடத்தில் மூன்று கோடுகளும் ஒரே நீலத் திட்டாகத் தெரிகின்றன.

குஷைனியில் ஆறு பிரிவதாக நீங்கள் எண்ணியதற்குக் காரணம், ஓட்டத்தின் திசையைக் கவனிக்காமல் கோடுகளை மட்டும் பார்த்ததே. மலையாறுகள் பொதுவாகச் சேருமே தவிரப் பிரிவது அரிது. பதாட் என்னும் ஊர்ப் பக்கமிருந்து வரும் பலாச்சன் என்னும் துணையாறு அங்கே தீர்த்தனில் கலக்கிறது. ஆகவே பூங்காவுக்குள் ரோலா முகாம் வரை நடக்க விரும்பினால், பதாட் சாலையை விட்டுவிட்டுத் தீர்த்தனின் கரையையே பற்றிச் செல்லுங்கள். தேவதாரு மரங்கள் நிறைந்த சரிவுகளுக்கு நடுவே, உருண்ட பாறைகளில் மோதி நுரைத்தோடும் ஆறு பெரும்பாலும் உங்கள் அருகிலேயே இருக்கும்.

ஜூன் மாதப் பயணம் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பகல் வெயிலில் உருகும் பனிநீர் கீழே வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். காலையில் கணுக்கால் அளவே இருந்த ஓடை மாலையில் முழங்காலைத் தாண்டலாம். கடக்க வேண்டிய ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். நீர்விளிம்பில் கூடாரம் அடிக்க வேண்டாம். பூங்காவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு தேவை.