நண்பர்கள் என்ன சொல்வார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். மகளை ஆறாம் வகுப்போடு நிறுத்தி, நானே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு முடிந்துவிட்டது. ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்கிறாள். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறோம், அடுத்து என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுதப்போகிறோம். வீட்டில் படித்ததை அங்கே குறையாக நினைப்பார்களா? நல்ல பயிற்சி மையம் எது? ‘பள்ளிக்கூடமே போகாதது பட்டாளத்துக்குப் போகுமாம்’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

ச.

அன்புள்ள ச.,

சிரிக்கட்டும். சிரிக்காவிட்டால்தான் அவர்கள் சொந்தக்காரர்களா என்று சந்தேகப்பட வேண்டும். 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்கள் அந்தத் தேர்வையே எழுத முடிந்தது. 2025 மே மாதம் புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியிலிருந்து முதல் அணியாகப் பதினேழு பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்களும் எதையாவது சொல்லியிருப்பார்கள்.

சான்றிதழ் பற்றிக் கவலை வேண்டாம், பாடங்களில்தான் கவனம் வேண்டும். தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டு முடித்திருந்தாலும் சரி. கடற்படையும் விமானப்படையும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் கேட்கும்.

என்னை உறுத்தியது வேறு. ‘எழுதுகிறோம்’, ‘எழுதப்போகிறோம்’ என்கிறீர்கள். எழுதுவது யார்? அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு பத்தொன்பதரை. உங்களுக்கு அது கடந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

கணிதம் 300, பொதுத்திறன் 600, ஆக எழுத்துத் தேர்வுக்கு 900. அதற்குப் பின் ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. என்ற நேர்முகத் தேர்வுக்குத் தனியாக இன்னொரு 900. அங்கே உளவியல் தேர்வில் ஒரு தாளைக் கொடுத்துக் கால் மணி நேரத்தில் எழுதச் சொல்வார்கள்: உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய்?

எண்பதுகளின் இறுதியில், பட்டப்படிப்பு முடித்த கையோடு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் நானும் எஸ்.எஸ்.பி.க்காகப் பெங்களூருக்குப் போனேன். இதுவரை எங்கும் எழுதாத கதை இது. ஐந்து நாளும் எனக்குப் பெயர் கிடையாது, மார்பில் கட்டிய எண்தான். அந்தத் தாளில் பெற்றோர் பகுதியை மளமளவென்று நிரப்பினேன். நண்பர்கள் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கடைசியில் ‘பொறுப்பானவன், சூது தெரியாதவன்’ என்று எழுதினேன். அது அம்மா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்.

மறுநாள் மைதானத்தில் பலகையும் கயிறும் கொடுத்து, ஒரு குழுவாக அந்தப் பக்கம் கடக்கச் சொன்னார்கள். வாய்க்காலுக்குப் பனைமரம் போட்டுக் கடக்கிற ஊர்க்காரன் நான். பலகையை எங்கே வைப்பது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். வைத்த இடம் சரிதான். ஆனால் என் பின்னால் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை ரயில் ஏறினேன்.

இத்தனைக்கும் நான் பள்ளிக்குப் போனவன். ஒரு நாள் விடாமல் போனேன். மேட்டூர் திறந்து பாமணியாற்றில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாக வரும்போது பையன்கள் அதற்கு முன்னால் மணலில் ஓடுவார்கள். நிறைந்ததும், மதகுக் கட்டையிலிருந்து ஒருவனை ஒருவன் தள்ளிவிடுவார்கள். முடியைப் பிடித்துத் தூக்கவும் அவர்களேதான். நான் படித்துறையில் துண்டுகளுக்குக் காவல். என்னைத் தள்ளிவிட ஒருவனும் துணியவில்லை. தள்ளினால் அம்மா அவன் வீட்டு வாசலில் போய் நிற்பாள் என்று தெருவுக்கே தெரியும்.

அந்தத் தாளுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குப் பெற்றோரும் நீங்கள்தான், ஆசிரியரும் நீங்கள்தான். இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதில். நண்பர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. நான்காவது கேள்விக்கு அவள் எழுதப்போவதும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக இருந்தால், அந்தத் தாள் முழுக்க உங்கள் கையெழுத்துதான். ஆறு ஆண்டு உழைப்பைப் பழிக்கவில்லை. தனியாளாக ஒரு பெண்ணைக் கணிதம் வரை கொண்டுவந்திருக்கிறீர்கள், கும்பிடுகிறேன். ஆனால் அவளை ‘என்னம்மா இப்படிச் செய்துவிட்டாய்’ என்று கேட்க உங்களைத் தவிர இன்னும் நான்கு பேர் வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இல்லாத பகல் அவளுக்கு இருக்கிறது. அந்தப் பகலையும் மாதிரித் தேர்வுக்கே கொடுத்துவிடாதீர்கள். குறுவை அறுப்பு முடிந்ததும் அவள் அப்பாவோடு நெல் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்புங்கள். முறை வரும்வரை நெல்லோடு காத்துக் கிடக்கட்டும். மழை இருட்டும்போது இருக்கிற ஒரு தார்ப்பாயை யார் குவியல்மேல் போடுவது என்று பக்கத்துக் குவியல்காரரோடு வாதாடட்டும். தோற்றாலும் பரவாயில்லை. சாயங்காலம் வாலிபால் ஆடும் பெண்கள் எங்கேயாவது இருந்தால் தேடிப்பிடித்துச் சேருங்கள். சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வேலியோரம் நின்று பார்க்க வேண்டாம்.

பயிற்சி மையம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோற்று வந்தவனிடம் அதைக் கேட்கலாமா? பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். இது போதும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியுமா?