கேமரா கேள்வி – பதில்: அணிலுக்கு எவ்வளவு வேகம், பூநாரைக்கு எவ்வளவு வெளிச்சம்?

சின்னாறு ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணிலை 70-300 லென்ஸில் எடுக்கிறேன். படம் கலங்கியே வருகிறது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 400-ஐத் தாண்டாதே என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், மறையூர்

முதலில் அந்த 400 கணக்கை விட்டுவிடுங்கள். ஸ்டாண்டில் வைத்து மலையை எடுப்பவருக்குத்தான் அது சரிப்படும். ஆற்றோர மர நிழலில், காலை ஏழரை மணிக்கு, எஃப் 5.6-ல் (லென்ஸ் திறப்பின் அளவு) ஐஎஸ்ஓ 400 வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/60 நொடியில்தான் நிற்கும். 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க அது போதவே போதாது. சிறிய சென்சார் கேமரா என்றால் 300-ஐ ஒன்றரையால் பெருக்குங்கள், 450 வரும். கையில் பிடித்தால் ஷட்டர் 1/450-ஐவிட வேகமாக இருக்கவேண்டும் என்பது கணக்கு, ஆகவே குறைந்தது 1/500 வேண்டும். 1/60-லிருந்து 1/500 மூன்று படி (ஒவ்வொரு படியும் இருமடங்கு). ஐஎஸ்ஓவும் அதே மூன்று படி ஏறி 800, 1600, 3200 என்று போகும். போகட்டும். ஐஎஸ்ஓ ஏறியதால் புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சீர்செய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றினாலோ, புள்ளிகள் இன்னும் மோசமாகத் தெரியும்.

மேனுவலில் வையுங்கள். அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுதாகத் திறந்து, ஷட்டரை 1/500-ல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 6400 கொடுங்கள். கிளைக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் அணில் கருத்துப்போகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வசதியை) +1 ஆக்குங்கள். தாவும்போது எடுக்க 1/1600 ஆவது தேவை. அடர்ந்த நிழலில் அதற்கு மல்லுக்கட்டாமல், அணில் வெயில் விழும் கிளைக்கு வரும்வரை காத்திருப்பதே மேல்.

எதனால் கலங்கியது என்பதைப் படமே சொல்லிவிடும். கேமரா திரையில் அணிலின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டையின் வெடிப்பு தெளிவாக இருந்து மீசை மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது அணில். ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். கிளை, இலை, அணில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. முன்னால் உள்ள இலை மட்டும் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். லென்ஸிலுள்ள ஸ்டெபிலைசர் கையின் ஆட்டத்தைத்தான் தாங்கும், அணிலின் ஓட்டத்தை அல்ல.

பழவேற்காடு ஏரியில் எடுக்கும் பூநாரைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடுகின்றன. இறகே தெரிவதில்லை.
– வாசகி, சூலூர்பேட்டை

கேமரா, தான் பார்ப்பதையெல்லாம் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரிய நீர் படத்தை நிறைத்து, பறவைகள் சிறிதாக நின்றால், நீரை வெளிச்சமாக்குகிறேன் என்று பறவையை வெளுக்கவைத்துவிடும். அதே பறவை எழுந்து பனிமூட்டமான வானத்தின் முன்னால் பறந்தால் கருத்துப்போகும். பறவைமேல் விழும் வெயிலோ மாறவே இல்லை! அதனால் இங்கே ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம். வெயில் ஒரே சீராக இருக்கும்போது அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே பூட்டிவிடுங்கள்.

குளிர்காலத்தில், தெளிந்த காலை எட்டு மணிக்கு, எஃப் 8, 1/1600, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்குங்கள். ஒரு படம் எடுத்து, வெளுத்த இடம் மின்னிக் காட்டும் எச்சரிக்கையைப் பாருங்கள். முதுகு மின்னினால் 1/2000, இன்னும் மின்னினால் 1/2500. கழுத்தின் வளைவில் மெல்லிய நிழல் தெரிகிற அளவே சரியான அளவு. நீரில் ஓடி எழும் தருணத்துக்கு 1/2000-க்குக் கீழே போகாதீர்கள். சிறகு விரிகிறபோதுதான் அதன் சிவப்பு முழுதாகத் தெரியும். வெயில் ஏற ஏற ஷட்டரையும் ஏற்றிக்கொண்டே வாருங்கள்.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் நிற்பதால், சாலைக்கு வடக்கே உள்ள பறவைகள்மேல்தான் காலை வெயில் நன்றாக விழும். பத்து மணிக்குமேல் கானல் எழும். தூரத்துப் பறவை நெளிந்து தெரிந்தால் அதற்கு எந்த செட்டிங்கும் மருந்தில்லை.

ராஜமலையில் மூடுபனியில் வரையாடு சாம்பலாக வருகிறது. ஃபோகஸும் முன்னும் பின்னும் ஓடுகிறது.
– வாசகர், மூணாறு

பனி வெளிச்சமானது, அதையும் கேமரா சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, கொம்பு தலையோடு சேரும் ஓரத்தைப் பிடியுங்கள். கருமைக்கும் வெளுப்புக்கும் வித்தியாசம் உள்ள இடத்தில்தான் ஃபோகஸ் நிற்கும். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்தால் பனியின் நீலத்தைப் பிறகு திருத்தலாம்.

குளிரிலிருந்து இறங்கி கதகதப்பான அறைக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கண்ணாடியில் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருங்கள். மெமரி கார்டை மட்டும் மலையிலேயே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.