டிரோம்சோ – லாங்இயர்பியன்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நார்வேயின் டிரோம்சோ விமான நிலையத்திலிருந்து, அதற்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள லாங்இயர்பியனுக்கு எவ்வளவு தூரம், பயண நேரம் எவ்வளவு, ஜூலை மாதத்தில் காலையில் புறப்பட்டு அன்று மாலையே அங்கு சுற்றுலாக் கப்பலில் ஏறிவிட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உலக வரைபடத்தில் இடைவெளி மிகப் பெரிதாகத் தெரிவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார்.

வான்வழித் தூரம் சுமார் 960 கிலோமீட்டர்தான். நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துக் காட்டுவது. டிரோம்சோ அருகே ஏறத்தாழ மூன்று மடங்கும், லாங்இயர்பியன் அருகே ஏறத்தாழ ஐந்து மடங்கும் மிகைப்படுகிறது. ஆகவே வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பதைவிட அட்சரேகையைக் கொண்டு கணக்கிடுவதே சரி. டிரோம்சோ விமான நிலையம் 69.68 பாகையிலும் லாங்இயர்பியன் விமான நிலையம் 78.25 பாகையிலும் உள்ளன. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்றால், வடக்கு நோக்கி மட்டுமே 950 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. தீர்க்கரேகையில் மூன்றரைப் பாகை வேறுபாடு இருந்தாலும், அவ்வளவு வடக்கே ஒரு பாகை 30 கிலோமீட்டரளவுக்குச் சுருங்கிவிடுவதால், அது மொத்தத் தூரத்தில் சில கிலோமீட்டர்களையே கூட்டுகிறது.

ஜெட் விமானம் ஏறி இறங்கும் நேரத்தையும் ஓடுபாதையில் நகரும் நேரத்தையும் சேர்த்தால், நேரடிப் பயணம் ஒன்றரை மணி முதல் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு ஊர்களுக்கும் ஒரே கடிகார நேரம் என்பதால் அதில் குழப்பமில்லை.

ஆனால் கப்பலை நம்பியிருப்பவர் கவனிக்க வேண்டியது இந்த ஒன்றரை மணி நேரத்தை அல்ல. கோடையில் இரவே இல்லாமல் வெளிச்சம் இருந்தாலும், கடல் மூடுபனி ஓடுபாதையை மறைத்துவிடுவதுண்டு. பெரிய ஜெட் விமானம் இறங்கத்தக்க மாற்று நிலையம் தீவில் இல்லை. அதே தீவின் சிற்றூரான நீ-ஓலசுண்டில் இருப்பது சிறு விமானங்களுக்கான குறுகிய ஓடுபாதை. எனவே இறங்க முடியாவிட்டால் விமானம் பெரும்பாலும் நார்வே நிலப்பகுதிக்கே திரும்பும், மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்தும் புறப்பட்ட இடத்திலேயே நிற்க நேரலாம். அடுத்த இருக்கை அன்றே கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அதனால், கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே லாங்இயர்பியன் சேர்ந்து அங்கு ஓர் இரவு தங்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. டிரோம்சோ வரையிலான விமானத்துக்கும் அங்கிருந்து லாங்இயர்பியன் செல்லும் விமானத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுத்திருந்தால் இது இன்னும் அவசியம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

விசாவையும் சரிபாருங்கள். நார்வே, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே இருக்கிறது. ஸ்வால்பார்டுக்கென்று விசா தேவையில்லை என்றாலும், அங்கிருந்து நார்வேக்குத் திரும்புவது மறுநுழைவாகக் கணக்கிடப்படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஒருமுறை நுழைவு விசாவுடன் போனால் திரும்பும்போது சிக்கிக்கொள்வார். விண்ணப்பத்திலேயே இருமுறை அல்லது பலமுறை நுழைவு கேளுங்கள். கடவுச்சீட்டுச் சோதனைக்கும் நேரம் ஒதுக்கி, விமான நிலையத்துக்கு முன்கூட்டியே சென்றுவிடுங்கள்.